மேற்கோள் எண்ணிக்கை யாருடைய உழைப்பைச் சொல்கிறது?

கேள்வி: என் மகள் உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, நீரிழிவு நோயின் மரபியலில் பிஎச்.டி. செய்ய விரும்புகிறாள். அவள் பார்த்து வைத்திருக்கும் இரண்டு வழிகாட்டிகளில் ஒருவருக்கு 300 கட்டுரைகள், எச்-இன்டெக்ஸ் 80; மற்றவருக்கு 45 கட்டுரைகள், எச்-இன்டெக்ஸ் 22. எண் பெரிதாக உள்ளவரிடமே சேரச் சொல்லலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்த எண்களை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். எச்-இன்டெக்ஸை 2005-இல் முன்வைத்தவர் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். ஒருவருடைய எச்-இன்டெக்ஸ் 80 என்றால், பிற ஆய்வுக் கட்டுரைகளில் குறைந்தது 80 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவருக்கு 80 இருக்கின்றன என்று பொருள். அந்தக் கட்டுரைகளை எத்தனை பேர் சேர்ந்து எழுதினார்கள், அவர்களில் இவருடைய பங்கு என்ன, மற்றவர்கள் எதற்காக அவற்றை மேற்கோள் காட்டினார்கள் என்பவற்றை அது சொல்வதில்லை. வயது ஏற ஏற அது கூடுமே தவிரக் குறையாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் மகள் தேர்ந்தெடுத்திருக்கும் துறையில் இந்தக் குறை மிகவும் பெரிதாகிறது. இரண்டாம் வகை நீரிழிவை ஒரே ஒரு மரபணு உண்டாக்குவதில்லை. 2006-இல் ஐஸ்லாந்தின் டீகோட் நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்த டிசிஎஃப்7எல்2 மரபணு மாற்றம், பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்று ஒரு பிரதி உள்ளவருக்கு நோய் வாய்ப்பை 1.45 மடங்காகவும் இருவரிடமிருந்தும் பெற்று இரு பிரதிகள் உள்ளவருக்கு 2.41 மடங்காகவும் உயர்த்துகிறது. பரவலாகக் காணப்படும் மாற்றங்களில் மிக வலுவானவற்றுள் ஒன்றே இவ்வளவுதான். மற்றவற்றின் தாக்கம் பெரும்பாலும் இதைவிடச் சிறியது என்பதால், அவற்றைப் பிரித்தறிய லட்சக்கணக்கானோரின் ரத்த மாதிரிகள் தேவைப்படுகின்றன. 2022-இல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு 1,80,834 நோயாளிகளையும் நோயில்லாத 11,59,055 பேரையும் ஒப்பிட்டு, மரபணுத் தொகுதியில் நோயுடன் தொடர்புடைய 237 இடங்களைச் சுட்டியது. இத்தகைய கட்டுரையின் ஆசிரியர் பட்டியல் மிக நீளமானது. ஊர் ஊராகச் சென்று ரத்தம் எடுத்தவர்களும் சர்க்கரை அளவைப் பதிவு செய்தவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர் இடம்பெறுவதே நியாயம். ஆனால் ஆய்வைத் திட்டமிட்டு நடத்தியவருக்கும் மாதிரிகளை அனுப்பி உதவியவருக்கும் கணக்கில் ஒரே அளவு மேற்கோள்தான் சேரும்.

மேற்கோள் எல்லாமே பாராட்டும் அல்ல. 2000-இல் கால்பெய்ன்-10 என்ற மரபணு நீரிழிவுடன் தொடர்புடையது என்று அறிவிக்கப்பட்டபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. பிற மக்களிடம் செய்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2007-இல் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசி வந்த பெரிய ஆய்வுகள் முன்னிறுத்திய மரபணுக்களின் பட்டியலில் அது இடம்பெறவில்லை. அதை ஏற்றவர்கள், ஐயுற்றவர்கள், சோதித்துக் கைவிட்டவர்கள் என அனைவரும் அதே கட்டுரையைத்தான் மேற்கோள் காட்ட வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறேன். இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு இது. இங்கிலாந்தின் எக்ஸெடர் நகரில் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லியின் குழு, பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு வந்த 29 பேரின் கேசிஎன்ஜே11 மரபணுவைப் படித்து, 10 பேரிடம் மாற்றம் இருப்பதை 2004-இல் வெளியிட்டது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லில் மூட வேண்டிய பொட்டாசியம் வாயில் இந்த மாற்றத்தால் மூடாமல் கிடப்பதால், இன்சுலின் வெளிவருவதில்லை. நீரிழிவுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வரும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரை அந்த வாயிலை மூடக்கூடியது. 2006-இல் வெளியான அடுத்த ஆய்வில், மாத்திரைக்கு மாறிய 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை அறவே நிறுத்திவிட்டார்கள். பிறந்தது முதல் ஊசியோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எத்தகைய விடுதலை என்பதைப் பெற்றோராகிய நீங்களே உணர்வீர்கள். எச்-இன்டெக்ஸில் இவையும் இரண்டு கட்டுரைகள்தாம்.

ஆகவே உங்கள் மகள் இருவருடைய கட்டுரைப் பட்டியலையும் எடுத்து, பல ஆய்வகங்கள் ஒன்றுசேர்ந்த பெரிய கூட்டமைப்புகளின் பெயரில் வந்தவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டு, மீதமுள்ளவற்றை வாசிக்கட்டும். மருத்துவ ஆய்விதழ்களில் வேலையை முன்நின்று செய்தவரின் பெயர் பெரும்பாலும் முதலிலும், ஆய்வகத்தை வழிநடத்துபவரின் பெயர் கடைசியிலும் வரும். வழிகாட்டியின் பெயர் கடைசியிலும் அவருடைய மாணவர்களின் பெயர் முதலிலும் உள்ள கட்டுரைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஆய்வகத்தில் மாணவர்கள் வளர்கிறார்களா என்பது தெரியும். பிறர் கண்டதை நம் மக்களிடம் சோதித்துப் பார்க்கும் துணிவு இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பியர்களை நீரிழிவிலிருந்து காப்பதாகக் கருதப்பட்ட பிபிஏஆர்ஜி மரபணு மாற்றம் தெற்காசியர்களுக்கு அந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை என்று, சென்னையிலும் அமெரிக்காவின் டல்லாஸிலும் வாழ்வோரை ஆராய்ந்து 2006-இல் வெளியான கட்டுரை அத்தகையது.

300 கட்டுரைகள் கொண்டவரை இதனால் விலக்கிவிட வேண்டியதில்லை. கூட்டமைப்புகளின் தரவு அவர் வழியாக மாணவர்களுக்கும் கிடைக்கும் என்றால் அது பெரிய வாய்ப்பு. அந்தத் தரவை வைத்து ஒரு மாணவர் தம் சொந்தக் கேள்வியை ஆராய அனுமதி உண்டா என்பதை, சேருவதற்கு முன்பே அவரிடமும் அங்கே படித்து வெளியேறிய இரண்டொரு மாணவர்களிடமும் உங்கள் மகள் நேரில் கேட்டுக்கொள்ளட்டும்.