நர்ஸ் வகுப்பெடுக்கும் நாளில் மகளுக்கு லீவு போடலாமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். நர்ஸ் வந்து வயசுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கப் போகிறார்களாம். கருத்தடை பற்றியெல்லாம் பேசுவார்கள், மாத்திரையும் கொடுப்பார்கள் என்று நடவுக்கு வந்தவர்கள் சொல்கிறார்கள். அன்றைக்கு மட்டும் லீவு போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா. பள்ளியில் வாரம் ஒன்றாகத் தருவது நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, ரத்தசோகைக்கு. அதைப் பார்த்துத்தான் யாரோ கதை கட்டியிருக்கிறார்கள்.

பிள்ளை கெட்டுப்போகுமோ என்ற பயம் புதிதல்ல. 2005-இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. 2007-இல் பல மாநிலங்கள் இதே பயத்தில் அதை நிறுத்தின. இப்படிச் சொல்லித்தருவதால் பிள்ளைகள் சீக்கிரமே உறவில் இறங்குவதில்லை என்று யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. நம் எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்று பாடமே இருக்கிறது. “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று அதைத் தாண்டிப் போகும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். கருத்தடை விவரமாக வருவது பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில். காமர்ஸ் குரூப் பிள்ளைக்கு அதுவும் கிடையாது. இதைத் தட்டிக்கேட்க ஆளில்லை.

நான் பயப்படுவது வகுப்பைப் பார்த்து அல்ல, மெடிக்கல் ஷாப்பைப் பார்த்து. கோயில் திருவிழாவுக்குத் தீட்டு தள்ளிப்போக என்று சீட்டே இல்லாமல் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். தாவணியில் முடிந்த நாலு மாத்திரையோடு ஒரு பெண் என்னிடம் வந்தாள். எத்தனை நாள் போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவளுக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை.

அதைவிட மோசம், “யாருக்கும் தெரியாமல் முடித்துத் தருகிறேன்” என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் அலையும் புரோக்கர்கள். கருக்கலைப்பு மாத்திரையை இவர்கள் கையில் வாங்கிப் போட்டு, உதிரம் நிற்காமல் துணி துணியாக நனைந்து, நாடி விழுந்த நிலையில் நடு ராத்திரி வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அரசு மருத்துவமனையில் காசில்லாமல் செய்வதற்கு இவர்களிடம் தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்திருப்பார்கள்.

இவர்களுக்கு முதலீடே போலீஸ் பயம்தான். அதனால் இதை நிதானமாகப் படியுங்கள். பதினெட்டு வயது ஆகாத பெண் கர்ப்பமாக வந்தால், போக்சோ சட்டப்படி (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அவள் சம்மதத்தோடு நடந்தது என்றாலும் அப்படித்தான். கருக்கலைப்புக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஆனால் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குப் போகும் தகவலில் அவள் பெயரையோ அடையாளத்தையோ டாக்டர் குறிப்பிட வேண்டியதில்லை. கேட்டால்தான் உண்டு. ஆஸ்பத்திரியில் யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை, ஆகவே நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டும். தீர்ப்பு வந்தும் இதை அறியாத ஊழியர்கள் இருப்பது எனக்கு ஆறவே இல்லை.

உங்கள் மகளுக்கு இது எதுவும் நேரப்போவதில்லை. ஆனாலும் யாராவது தொட்டால், மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். வகுப்பு முடிந்து வந்ததும் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அவள் சொல்லும்போது முகத்தைச் சுளிக்காதீர்கள்.

பள்ளிக்குப் போனால் தலைமை ஆசிரியரிடம் இதையும் கேளுங்கள்: அந்த நேரத்தில் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுகிறார்களா, அவர்களுக்கும் வகுப்பு உண்டா?