வாசகர் கேள்வி - பதில்: ஆற்றிடுக்கில் இறங்குமுன்

லண்டனிலிருந்து மச்சான் குடும்பம் ஆகஸ்டில் வருகிறது. எல்லோருமாக ஏழு பேர். இன்டர்லாக்கன் பக்கம் கேன்யனிங் (மலையாற்றின் இடுக்குக்குள் குதித்தும் சறுக்கியும் கயிற்றில் இறங்கியும் போவது) போக ஆசைப்படுகிறார்கள். இருவருக்கு நீச்சல் வராது. எந்த இடம் சரிவரும்?
- வாசகி, பேர்ண்

முதல்முறை என்றால் வில்டர்ஸ்வில்லுக்கு மேலே இருக்கிற சக்சட்டன் ஆறு போதும். பாறைச் சறுக்கல்கள், சின்னக் குதிப்புகள், கயிற்றில் இறங்குமிடம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. கிரிம்சல் கணவாய்ப் பக்கத்து ஆற்றிடுக்கில் கருங்கல் வழவழவென்று தேய்ந்திருக்கும், அழகும் அதிகம். ஆனால் தொடக்கமே 50 மீற்றர் கயிற்று இறக்கம். உயரத்துக்குப் பயந்த ஒருவர் அங்கே நின்றுவிட்டால் ஏழு பேரும் நிற்க வேண்டியதுதான்.

நீச்சல் வராதவர்களை மறைக்காமல் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். நுரைத்த நீரில் பாதி காற்று. அது ஆளைத் தாங்காது, நன்றாக நீந்துகிறவரையும் கீழே விடும். அவர்களுக்கு மிதவை அங்கி தருவார்களா, ஆழமான குளங்களைச் சுற்றிப்போக வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஏழு பேருக்கு இரண்டு வழிகாட்டிகள் வேண்டும் என்பது என் கணக்கு. ஒருவர் மேலே கயிற்றைப் பார்ப்பார், மற்றவர் கீழே குளத்தில் காத்திருப்பார்.

நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சுவிஸில் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் கேன்யனிங் கூட்டிப்போகிறவருக்கு அனுமதியும் பொறுப்புக் காப்புறுதியும் கட்டாயம்.

இன்டர்லாக்கனில் நல்ல வெயில். இருந்தும் காலையில் பயணத்தை ரத்துச் செய்துவிட்டார்கள். காசைத் திருப்பித் தந்தாலும் லீவு போய்விட்டதே! இது நியாயமா?
- வாசகர், சூரிச்

நியாயம்தான். உங்கள் தலைக்கு மேலே இருக்கும் வானம் இங்கே கணக்கில்லை. ஆற்றின் தலைமாட்டில், நீங்கள் பார்க்க முடியாத மலைச்சரிவில் பெய்கிற மழைதான் கணக்கு. சரிவெல்லாம் பாறையும் ஏற்கெனவே நனைந்த மண்ணுமாக இருந்தால் தண்ணீர் உறிஞ்சப்படாமல் அப்படியே ஓடி வரும். அகலமான இடத்தில் ஒரு சாண் ஏறுகிற வெள்ளம், இரண்டு மீற்றர் அகல இடுக்குக்குள் ஆள் உயரம் ஏறும். முன்னால் மரமும் கல்லும் உருண்டு வரும்.

1999 ஜூலை 27 அன்று இதே சக்சட்டன் ஆற்றில் நடந்தது அதுதான். இடியோடு பெய்த மழையில் வெள்ளம் திரண்டு வந்தபோது இடுக்குக்குள் 45 பேர் இருந்தார்கள். மூன்று வழிகாட்டிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். சிலரின் உடல்கள் பிரியன்ஸ் ஏரிவரை அடித்துச் செல்லப்பட்டன. 2001இல் பயணத்தை நடத்திய நிறுவனத்தைச் சேர்ந்த ஆறு பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்த்தது. மேலே சொன்ன சட்டத்துக்குப் பின்னால் இந்தச் சாவுகளும் இருக்கின்றன.

அல்ப்ஸில் கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். ஆகவே காலை நேரத்துக்கே பதிவு செய்யுங்கள். உள்ளே இருக்கும்போது தெளிந்த நீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் திடீரென மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால் வழிகாட்டி பக்கவாட்டில் மேலே ஏறச் சொல்வார். உடனே ஏறுங்கள். ஆற்றோடு ஓடித் தப்ப நினைக்க வேண்டாம், வெள்ளம் உங்களைவிட வேகம்.

என்ன உடுத்துவது? தாலிக்கொடியோடு போகலாமா?
- வாசகி, லவுசான்

கொடியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கழுத்துச் சங்கிலி, மோதிரம், காப்பு எதுவும் கூடாது. கயிற்றில் இறங்கும்போது எட்டு வடிவ உலோகக் கருவிக்குள் கயிறு இழுபட்டு ஓடும். சங்கிலியோ கூந்தலோ அதில் அகப்பட்டால் உடல் பாரம் முழுவதும் அதிலேயே தொங்கும். நீண்ட கூந்தலைப் பின்னி, குளிர்நீருக்காக அணியும் அங்கியின் கழுத்துக்குள் விட்டு மூடுங்கள்.

நீங்கள் கொண்டுபோக வேண்டியது நீச்சலுடை, துவாய், மாற்றுடுப்பு மட்டும். தலைக்கவசம், கயிற்றைக் கொழுவும் இடுப்புப்பட்டி, 5 மில்லிமீற்றர் தடித்த நியோப்பிரீன் (இறப்பர் வகை) அங்கி எல்லாம் அவர்கள் தருவார்கள். உள்ளே பருத்தி பெனியன் வேண்டாம். அங்கி தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். உள்ளே புகும் கொஞ்ச நீரை உடம்பு சூடாக்கிவிடும். தொளதொளவென்றால் ஒவ்வொரு குதிப்பிலும் புதிய பனிநீர் புகுந்து நடுங்க வைக்கும். ஈரமான அங்கிக்குள் கால் போகாவிட்டால், பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழையுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். அதற்கு முன் கழிவறைக்குப் போய் வாருங்கள்! இடுப்புப்பட்டி கட்டிய பிறகு எல்லாவற்றையும் கழற்றுவது பெரும்பாடு.

குதிக்கப் பயம். குதித்தே ஆக வேண்டுமா?
- மாணவர், பாசல்

வேண்டியதில்லை. பெரும்பாலான குதிப்புகளுக்குப் பக்கத்தில் கயிற்றிலோ நடந்தோ இறங்க வழி வைத்திருப்பார்கள். 3 மீற்றரிலிருந்து குதித்தால் மணிக்கு சுமார் 28 கிலோமீற்றர் வேகத்தில் நீரைத் தொடுவீர்கள், 10 மீற்றரிலிருந்து சுமார் 50. கால் முதலில், உடம்பு நேராக, முழங்கால் சற்றுத் தளர்வாக, கை உடம்போடு. கையை விரித்தால் தோள்மூட்டு விலகும், பின்னால் சாய்ந்தால் முதுகெலும்பு அடி வாங்கும். தலைகீழ்ப் பாய்ச்சல் ஒருபோதும் கூடாது. வழிகாட்டி காட்டிய இடத்தைவிட்டு ஒரு மீற்றர் தள்ளிக் குதித்தாலும் அடியில் பாறை இருக்கலாம்.

சறுக்கலில் கையை மார்பில் கட்டி, கால்களைச் சேர்த்து, மல்லாந்து போங்கள். முழங்கையை ஊன்றி வேகத்தைக் குறைக்கப் பார்த்துத்தான் பலர் முறித்துக்கொள்கிறார்கள். குளத்தில் மேலே வந்ததும் உச்சந்தலையில் கை வையுங்கள். நான் நலம் என்பதற்கு அதுதான் சைகை.

காப்புறுதி?
- வாசகர், ஜெனீவா

சுவிஸில் ஒரு முதலாளியிடம் வாரம் 8 மணி நேரமாவது வேலை செய்பவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. விருந்தாளிகள் தங்கள் பயணக் காப்புறுதிப் பத்திரத்தில் விலக்கப்பட்ட விளையாட்டுகளின் பட்டியலைப் பார்க்க வேண்டும், கேன்யனிங் அடிக்கடி அதில்தான் இருக்கும். மீட்புச் செலவு, உலங்குவானூர்தி உட்பட, சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவசர இலக்கம் 144, வான்மீட்புக்கு 1414.