ஆறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டீசல் வண்டி வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து அலுவலகம் 6 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வர 280 கிலோமீட்டர். 2020 மாடல் டீசல் எஸ்யூவி ஒன்று பார்த்திருக்கிறேன்; மீட்டரில் 58,000 காட்டுகிறது. அதே வருடத்துப் பெட்ரோல் வண்டியைவிட 80,000 ரூபாய் அதிகம். "டீசல் இன்ஜின் மூன்று லட்சம் கிலோமீட்டர் அசையாது, பெட்ரோலில் எத்தனால் கலந்து இன்ஜினைக் கெடுக்கிறார்கள்" என்கிறார் புரோக்கர். டீசலுக்குப் பத்து வருடத்தில் தடை வரும் என்கிறான் தம்பி. 10,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: இந்த வண்டியை வாங்காதீர்கள். டீசல் வண்டியே மோசம் என்பதால் சொல்லவில்லை. நீங்கள் ஓட்டப்போகும் பாதைக்கு அது ஒத்துவராது. உங்கள் புரோக்கர் விலை பேசினார், மைலேஜ் பேசினார். "தினமும் எவ்வளவு தூரம், எந்த ரோட்டில் ஓட்டுவீர்கள்?" என்று கேட்டாரா? புது வண்டி ஷோரூமிலும் இதை யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்குழாய் வழியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கும். கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, நிறைந்ததும் எரித்துச் சாம்பலாக்குவது அதன் வேலை. அப்படி எரிய அதற்குள் ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அதற்காகக் கொஞ்சம் டீசலைக் கூடுதலாக இன்ஜினே பீய்ச்சிக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பதினைந்து, இருபது நிமிடம் நிற்காமல் 60 வேகத்துக்கு மேல் ஓட்டுவது.

பெருந்துறை ரோட்டிலிருந்து பன்னீர்செல்வம் பார்க் வரை காலை ஒன்பதரை மணிக்கு அப்படி ஓட்ட முடியுமா? இன்ஜின் சூடாவதற்குள் அலுவலகம் வந்துவிடும். எரிப்பு பாதியில் இருக்கும்போது சாவியை அணைப்பீர்கள். மாலையில் மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி அணைப்பீர்கள். கரி அப்படியே நிற்கும். கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து கீழே இன்ஜின் ஆயிலில் கலக்கும்.

என் ஒர்க்‌ஷாப்புக்கு இப்படி ஒரு வண்டி வந்தது. பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று ஊருக்குள்ளேயே ஓடிய வண்டி. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை ஏறி நின்றது. ஓட்டுகிற வண்டியில் ஆயில் குறையலாம், ஏறுமா? இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தால் வழவழப்பே இல்லை, தண்ணீர் மாதிரி. மூக்கருகில் கொண்டுபோனால் டீசல் வாடை. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ அந்த நீர்த்த ஆயிலில்தான் சுழன்றுகொண்டிருந்தது. வடிகட்டியே மாற்ற வேண்டி வந்தால் சில மாடல்களில் ஒரு லட்சத்தைத் தாண்டும்.

மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது எரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். அந்த ஒரு பயணத்துக்கு முன் ஊருக்குள் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருப்பீர்கள். நெரிசலில் ஓடும் வண்டிக்கு அதற்குள்ளேயே எரிக்க வேண்டிய நேரம் வந்துவிடும். உங்கள் ஊர்ப் பயணத் தேதிக்காக வடிகட்டி காத்திருக்காது.

சரி, பணக் கணக்கு. பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 என்று வைத்துக்கொள்ளுங்கள்; இன்றைய விலையை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14, டீசல் 18 கொடுத்தால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம். சில்லறை ஓட்டத்தையும் சேர்த்து நீங்கள் வருடம் 8,000 கிலோமீட்டர் ஓட்டினால் 16,000 ரூபாய். டீசலுக்கு ஆகும் கூடுதல் சர்வீஸ் செலவில் மூன்று, நான்காயிரம் கழியும். மீதியில் அந்த 80,000 ரூபாயை எடுக்கவே ஆறரை வருடம் ஆகும். இடையில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று போனாலும் கணக்கு தலைகீழ். 2012இல் இரண்டுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள்; அந்த வித்தியாசமும் சுருங்கிவிட்டது. அன்றைய கணக்கை இன்றும் சொல்லித்தான் டீசல் வண்டி விற்கிறார்கள்.

மூன்று லட்சம் கிலோமீட்டர் என்பது பொய்யில்லை. நெடுஞ்சாலையில் ஓடும் டாக்ஸிகள் அதைத் தாண்டுகின்றன. வருடம் 8,000 ஓட்டுகிறவருக்கு அந்த ஆயுளால் என்ன பயன்?

அப்படியானால் டீசல் யாருக்கு? வாரத்தில் மூன்று நாளாவது பைபாஸில் நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் தங்களையும் இதில் சேர்த்துக்கொள்கிறார்கள். துணி சாம்பிள் எடுத்துக்கொண்டு பெருந்துறையிலிருந்து கோவைக்கு வாரம் மூன்று முறை போகிறவர் தாராளமாக டீசல் வாங்கலாம். மற்ற நாட்களில் ஊருக்குள் ஓட்டினாலும் பரவாயில்லை. ஆனால் தூரம் மட்டும் போதாது, ஓட்டும் விதமும் வேண்டும். மைலேஜுக்காக ஆறாவது கியரில் 1,200 ஆர்பிஎம்மில் உருட்டிக்கொண்டே போனால் புகைக்குழாய் சூடேறாது. ஒரு கியர் குறைத்து 2,000க்கு மேல் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். எரிப்பு நடக்கும்போது ஐடில் ஓட்டம் சற்று உயரும், ஃபேன் பலமாகச் சுற்றும். அந்த நேரம் டீக்கடையைப் பார்த்ததும் வண்டியை அணைக்கக் கூடாது. தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறேன் என்று ஒருவர் வந்தால், ஒரே ஓட்டமா, எட்டு துண்டா என்று கேட்பேன். எட்டு துண்டு என்றால் அவருக்கும் பெட்ரோல்தான்.

தம்பி சொன்ன தடை டெல்லி சங்கதி. டெல்லியிலும் சுற்றுப்பகுதியிலும் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவு போட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்தது. தமிழ்நாட்டுப் பதிவு வண்டிக்கு அந்தப் பத்து வருடக் கணக்கு கிடையாது. ஆர்சி 15 வருடத்துக்குச் செல்லும், அப்புறம் எஃப்சி காட்டிப் புதுப்பிக்கலாம். டெல்லியில் விலைபோகாத டீசல் வண்டிகளைக் குறைந்த விலைக்கு இங்கே தள்ளிவிடும் கூட்டம் ஒன்று இருக்கிறது, அதில் மட்டும் சிக்காதீர்கள். என்ஓசி என்ற ஆட்சேபனையில்லாச் சான்று, மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

எத்தனால் விஷயத்தில் புரோக்கர் பாதி உண்மை சொல்கிறார். எத்தனாலில் சக்தி குறைவு, அதனால் 20 சதவீதக் கலப்பில் மைலேஜ் ஆறேழு சதவீதம் வரை குறையலாம். பழைய வண்டியில் எரிபொருள் ஹோஸ், ரப்பர் பாகங்களைப் பார்த்து மாற்ற வேண்டிவரும். சில ஆயிரத்தில் முடிகிற வேலை.

இனி நான் பயப்படுகிற விஷயம். அடைத்துப்போன டிபிஎஃப் வண்டியை விற்க முடியாது என்பதால், வடிகட்டியின் உள்பகுதியை உடைத்து எடுத்துவிட்டு, வண்டியின் கம்ப்யூட்டரில் திருத்தி எழுதி, எச்சரிக்கை விளக்கு எரியாமல் செய்து விற்கிறார்கள். வாங்கியவருக்கு எதுவும் தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி இது குற்றம். வண்டி உங்கள் பேரில் இருக்கும்போது பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். புகைச் சான்றிதழ் சோதனையில் இது தெரியாதா என்றால், தெரியாது. வடிகட்டி இருக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. குழாயில் கருவியைச் செருகாமலே சான்றிதழ் அடித்துக் கொடுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அரசுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் கடன், இன்சூரன்ஸ், எஃப்சி தேதி எல்லாம் வருகிறது, ஓடிய தூரம் மட்டும் வராது. அந்த ஒரு வரியைச் சேர்த்தால் மீட்டர் குறைக்கும் தொழில் பாதி படுத்துவிடும். ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்?

டோக்கன் கொடுத்துவிட்டதால் ஒருமுறை நேரில் போங்கள். வண்டி ஆறியிருக்கும்போது வெள்ளைத் துணியைப் புகைக்குழாய்க்குள் விட்டுத் துடையுங்கள். வடிகட்டி ஒழுங்காக இருக்கும் பிஎஸ்-6 டீசலில் துணி கிட்டத்தட்ட வெள்ளையாகவே வரும். கன்னங்கரேலென்று வந்தால் உள்ளே உடைத்திருக்கிறார்கள், அல்லது உடைந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கைவைத்திருக்கிறார்கள். உரிமையாளரையே கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கூட்டிப்போய் சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள். 58,000 உண்மையா என்று அங்கே தெரிந்துவிடும். பழைய வண்டி வியாபாரத்துக்குப் பதிவு அதிகாரியின் அங்கீகாரம் வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. அந்தச் சான்றைப் புரோக்கரிடம் கேளுங்கள்.

இதில் ஒன்று சரியில்லை என்றாலும் அதையே காரணமாகச் சொல்லி டோக்கனைத் திரும்பக் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் 10,000 போனதாக வைத்துக்கொண்டு அந்தப் பெட்ரோல் வண்டியைப் பாருங்கள். முழுப் பணம் கொடுப்பதற்கு முன் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் உரிமையாளர் உங்கள் முன்னால் கையெழுத்துப் போடட்டும். வங்கிக் கடன் இருந்தால் அது தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35உம் கையில் வர வேண்டும்.