கெண்டைக்கால் வலிக்கும் சீனி வருத்தத்துக்கும் என்ன தொடர்பு? ஒற்றைக் கால்காரனின் பதில்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். கொஞ்சத் தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது. வயது என்று விட்டுவிடலாமா? சீனி கால் இரத்தக் குழாய்களை என்ன செய்யும்?

விட்டுவிடாதீர்கள். ‘நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது’ என்பதை நானும் இரண்டு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

முத்தையன்கட்டுக் குளத்து நீரில் வயல் செய்கிறேன். 2002 இல் ஊர் திரும்பி வளவைத் துப்புரவாக்கியபோது மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அன்று தொடக்கம் அந்தப் பக்கம் ஜெய்ப்பூர்க் கால். சீனி அதற்குப் பிறகு வந்தது. வலது கெண்டைக்கால் வலிக்கத் தொடங்கியபோது, இரண்டு காலின் பாரத்தையும் ஒன்று சுமக்கிறது, வலிக்காமல் என்ன செய்யும் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். கிளினிக்கிலும் யாரும் மறுக்கவில்லை.

உண்மையில் நடந்தது வேறு. இரத்தக் குழாயின் உட்சுவர் வழுவழுப்பான மெல்லிய தோல் போன்றது. தேவைப்படும்போது குழாயை விரியச் செய்வதும் அதுதான். நெடுநாள் கூடிய சீனி அந்தத் தோலைக் கெடுக்கிறது. கெட்ட இடத்தில் கொழுப்பு நுழைந்து படிகிறது, இரத்தமும் இலகுவில் உறைகிறது. ஓய்வாக இருக்கும்போது ஒடுங்கிய குழாயால் வருகிற இரத்தம் தசைக்குப் போதும். நடக்கும்போது தசை பல மடங்கு கேட்கிறது, குழாயால் கொடுக்க முடியாது. வலி அதனால்தான். நின்றதும் அடங்குவதும் அதனால்தான்.

வயல்காரனுக்கு விளங்கும்படி சொல்கிறேன். புகைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் உள்ள பெரிய வாய்க்கால் அடைபடும். சீனிக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே, கடைசி வயலுக்குப் போகிற சின்ன வாய்க்கால்கள்தான் அதிகம் தூர்ந்துபோகின்றன. சின்னக் குழாய்களில் நீளமாகப் படிந்திருப்பதால் பலூன் விட்டு விரிப்பதும் கடினம். சுருட்டும் சீனியும் ஒருவரிடமே இருந்தால் மேலும் அடைப்பு, கீழும் அடைப்பு. நான் சுருட்டுக்காரனாகவும் இருந்தேன்.

வலி வருகிறதே என்று உங்கள் அப்பா ஒருவகையில் ஆறுதல்படலாம். சீனி நரம்புகளையும் மரக்கச் செய்வதால் பலருக்கு அந்த வலியே தெரியாது. முதல் அறிகுறியாக ஆறாத புண்தான் வரும். எனக்குக் கெண்டைக்கால் வலித்தது, ஆனால் பாதம் மரத்துப்போயிருந்தது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் வைகாசி வெயிலில் வெறுங்காலோடு மணலில் நின்றேன். சுட்டது தெரியவில்லை. வீட்டில் மனைவிதான் பெருவிரலின் அடியில் கொப்புளத்தைக் கண்டாள். மூன்று கிழமை ஆகியும் காயவில்லை. (அம்மன் கோபம் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அம்மனுக்கு என் காலில் என்ன கோபம்? ஒன்றை ஏற்கெனவே கொடுத்துவிட்டேனே.)

அதற்குப் பிறகுதான் யாழ்ப்பாணத்தில் பரிசோதனை. இதைக் கவனமாக வாசியுங்கள். கணுக்காலில் பிரஷர் பார்த்து அதைக் கையில் உள்ள பிரஷரால் வகுப்பார்கள். 0.9 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் இரத்த ஓட்டம் குறைவு என்று கொள்வார்கள். எனக்கு 1.1 வந்தது. நல்ல கால் என்று வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனால் சீனிக்காரரின் குழாய்ச் சுவரின் நடுப்படையில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிடுவதுண்டு. பட்டியை இறுக்கினாலும் அமுங்காததால், உள்ளே இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். 1.4 ஐத் தாண்டினால் சந்தேகம் தானாகவே வரும். என்னைப் போல் நடுவில் நின்றால்தான் ஏமாற்றம். அங்கிருந்த வைத்தியர் பாதத்தில் தொட்டுப் பார்த்த நாடித் துடிப்பு போதாது என்று சொல்லிக் கால் பெருவிரலிலும் அளக்கச் சொன்னார். கையில் 140, பெருவிரலில் 70. அதாவது 0.5. அங்கே 0.7 க்குக் குறைந்தாலே குறைவுதான். விரல் குழாய்களில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படியாதாம்.

டொப்ளர் ஸ்கான் (குழாய்களில் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கான்), பலூன் எல்லாம் நடந்தது. புண் ஆற நாலு மாதம். இப்போது கொழுப்புக் குளிசை, இரத்தம் உறையாமலிருக்க ஒரு குளிசை, சீனிக்கும் பிரஷருக்கும் வழமையானவை. சுருட்டை விட்டதுதான் எல்லாவற்றிலும் கடினம். புண் ஆறிய பிறகு குளக்கட்டில் நடக்கிறேன்: வலிக்கும்வரை நடை, அடங்கும்வரை நிற்பு, மறுபடி நடை. முன்பு மூன்று தரம் நின்ற தூரத்தை இப்போது ஒரு தரம் நின்று கடக்கிறேன். காலில் புண் இருக்கும்போது இந்த நடையைத் தொடங்க வேண்டாம்.

அப்பாவின் கால்களைத் தினமும் யாராவது பார்க்கட்டும், விரல் இடுக்குகளையும். இரவில் படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் சுகமாக இருக்கிறது என்றாலோ, விரல் கறுத்தாலோ, அடுத்த கிளினிக் திகதிக்காகக் காத்திருக்க வேண்டாம். கால் திடீரென்று வெளிறிக் குளிர்ந்தால் அந்த மணித்தியாலமே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால், அடுத்த கிளினிக் நாளில் வரிசையில் நிற்கும்போதே அப்பாவின் செருப்பைக் கழற்றி வைத்துவிடுங்கள். கிளினிக் கொப்பியை மட்டும் நீட்டினால் இரத்தச் சீனியின் இலக்கத்தை எழுதி அனுப்பிவிடுவார்கள்.