கிறிஸ்துமஸ் எப்போது தொடங்குகிறது?

கேள்வி: டிசம்பர் பிறந்ததுமே கிறிஸ்தவ வீடுகளில் ஸ்டார் தொங்குகிறது. ஆனால் கோயிலில் ஃபாதர் ஊதா உடையில் திருப்பலி (பூசை) வைக்கிறார். கிறிஸ்துமஸ் தொடங்கிவிட்டதா, இல்லையா?

இன்னும் இல்லை. கிறிஸ்துமஸ் தொடங்குவது டிசம்பர் 24 மாலைதான். அதற்கு முந்தின நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம், அதாவது இயேசுவின் வருகைக்காகக் காத்திருந்து ஆயத்தமாகும் காலம். நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வருகிற ஞாயிறன்று இது தொடங்கும். எங்கள் வழிபாட்டு ஆண்டும் அன்றுதான் பிறக்கிறது. நான் கத்தோலிக்கன், எங்கள் வழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்; சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற புராட்டஸ்டன்ட் சபைகளிலும் இந்தக் காலம் உண்டு.

முதல் ஞாயிறு நற்செய்தியில் மாட்டுத் தொழுவமும் இருக்காது, இடையர்களும் இருக்க மாட்டார்கள். இயேசு மறுபடி வரப்போகும் நாளைப் பற்றியது அது. விழிப்பாயிருங்கள் என்று அவர் சொல்வதைத்தான் கேட்போம். அடுத்த இரண்டு ஞாயிறும், இயேசுவுக்கு முன்னோடியான திருமுழுக்கு யோவான் வந்து மனம் மாறச் சொல்வார். மரியாவும் யோசேப்பும் முன்னால் வருவது நான்காம் ஞாயிறில்தான். ஊதா நிறம் அந்த மனமாற்றத்துக்காக. மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஸ் நிறம், பாதி வழி தாண்டிய மகிழ்ச்சி.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. இந்த ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' பாட மாட்டோம். பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர்கள் பாடியதாக லூக்கா எழுதும் புகழ்ச்சியில் தொடங்குகிற கீதம் அது. டிசம்பர் 8, மரியா பாவ மாசில்லாமல் கருவில் உருவானதைக் கொண்டாடும் அமல உற்பவ மாதா பெருவிழா போன்ற ஓரிரு திருநாள்களில் மட்டும் ஒலிக்கும், அவ்வளவுதான். அப்புறம் நள்ளிரவுத் திருப்பலியில் மணிகள் எல்லாம் சேர்ந்து அடிக்க அதைப் பாடும்போது உடம்பு சிலிர்க்கும். அத்தனை வாரம் பாடாமல் இருந்தால்தான் அந்தச் சிலிர்ப்பு வரும்.

பீடத்துக்குப் பக்கத்தில் பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுதிரி வைத்திருப்பார்களே, அது ஜெர்மானிய லுத்தரன் வழக்கம். ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன், 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய திரியும் மற்ற நாட்களுக்குச் சின்னத் திரியுமாக ஏற்றிக் காட்டினார். கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ என்று கேட்ட பிள்ளைகளுக்காக. கத்தோலிக்கர் அதை எடுத்துக்கொண்டது பிற்பாடு. இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் அதைவிடப் பழையது. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையுமாக அமைத்ததிலிருந்து பரவியது. பல வீடுகளில் குடிலை முன்பே கட்டினாலும் குழந்தை இயேசு சுரூபத்தை 24 இரவு வரை வைக்க மாட்டார்கள்.

ஸ்டார் முன்பே தொங்குவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நவம்பரிலேயே கேரல், கேக் என்று எல்லாம் முடித்துவிட்டு 26-ஆம் தேதி அலங்காரத்தைக் கழற்றுவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் காலம் அப்போதுதானே ஆரம்பம்! 28-ஆம் தேதி ஏரோது மன்னன் கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் விழா, ஜனவரி 1 இறைவனின் தாய் மரியா, பிறகு குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூன்று ராஜாக்கள் திருநாள். ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) விழாவோடுதான் காலம் நிறைவடைகிறது. ஆகவே கிறிஸ்தவ நண்பருக்கு 30-ஆம் தேதி வாழ்த்துச் சொன்னாலும் தாமதம் இல்லை, தாராளமாகச் சொல்லுங்கள்.