பழைய பெட்டியும் டெபியன் 13-ம்

கேள்வி: விண்டோஸ் மாதிரி இயங்குதளமான டெபியனில் 13-ஆம் பதிப்பு வந்துவிட்டதாமே? எங்கள் மஞ்சள் மண்டியில் பழைய கம்ப்யூட்டரில் 12 ஓடுகிறது. மாற்றலாமுங்களா?
– வாசகர் ஒருவர், பெருந்துறை

பதில்: கொஞ்சம் பொறுங்க. 2025 ஆகஸ்ட் 9 அன்று 13 வெளியானது. 69,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் தொகுப்புகள், ரிஸ்க்-ஃபைவ் என்ற வேறுவகைச் சிப்புக்கு முதன்முறையாக அதிகாரப்பூர்வ இடம். சரி, அதெல்லாம் மண்டிக்கு எதற்கு? உங்களைத் தொடுகிற சேதி ஒன்றுதான்: பழைய 32 பிட் சிப் உள்ள பிசிக்கு இனி கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிடையாது, இன்ஸ்டாலரும் கிடையாது. 32 பிட் தொகுப்புகளை வைத்திருப்பதே, 64 பிட் பெட்டியில் பழைய புரோகிராம்களை ஓட்டத்தான்.

போன மாதம் ஈரோட்டில் ஒரு தறிக்கூடத்துப் பெட்டியில், பார்க்காமல் கொள்ளாமல் டெபியன் 13 இருந்த பென் டிரைவைச் செருகினேன். கறுப்புத் திரையில் ஒரே வரி: இந்தக் கெர்னலுக்கு 64 பிட் சிப் வேண்டுமாம், இங்கே இருப்பது ஐ686 என்ற 32 பிட் சிப் மட்டுமாம். ஓனர் வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரை) 'எல்எஸ்சிபியு' (lscpu) என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். மேலேயே 32, 64 இரண்டும் வந்தால் சிப்புக்குக் குறையில்லை. ஆனால் இப்போது ஓடுவது 32 பிட் டெபியன் என்றால் அப்படியே மேம்படுத்தாதீர்கள். கணக்கை எல்லாம் வெளியே காப்பி எடுத்துவிட்டு, 64 பிட் டெபியனைப் புதிதாகப் போடுங்கள். 32 மட்டும் வந்தால் 12-லேயே இருங்கள். அதற்கு 2028 ஜூன் வரை நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. எதுவானாலும் மஞ்சள் சீசன் முடிந்த பிறகு கை வையுங்க.