மழைக்கு சாரி சொல்ற ஊரு

வணக்கம் அண்ணா,

நான் காவேரிப்பட்டணம் பக்கம். ஹாஸ்டல்ல கூட இருந்த நண்பன் ஒருத்தன் பதினெட்டு வருஷமா இங்கிலாந்துல இருக்கான். வாடா வாடான்னு கூப்ட்டு கூப்ட்டு, இந்த ஆகஸ்ட்லதான் நானும் வீட்டுக்காரியும் கிளம்பறோம். அங்க மலையும் ஏரியுமா இருக்கற லேக் டிஸ்ட்ரிக்ட்ல ஒரு வாரத்துக்கு காட்டேஜ் புக் பண்ணி வெச்சிருக்கான். ஆனா அங்க போய்ட்டு வந்த சொந்தக்காரர் ஒருத்தர், ஏழு நாளும் மழைதான், ஜன்னல் வழியா பாத்துட்டு திரும்பி வந்தோம்னு சொல்றார். மாங்கா வித்த காசை டிக்கெட்ல போட்டிருக்கேன், வீணா போயிடுமோன்னு இருக்கு. தேதியை மாத்தலாமா? இன்னொண்ணு, சொல்ல கூச்சமா இருக்கு. போன்ல பத்து நிமிஷத்துக்கு மேல எங்களுக்கு பேச விஷயமே இல்ல. ஒரு வாரம் ஒரே வீட்ல என்ன பண்றது? நீங்க அந்தப் பக்கம் போய்ட்டு வந்ததா ஒரு தடவை எழுதிருந்தீங்க, அதான் கேக்கறேன்.

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மழை பெய்யும். அதுல சந்தேகமே வேணாம். அட்லாண்டிக்ல இருந்து ஈரத்தோட வர்ற காத்து வந்து முட்டறது அந்த மலைங்க மேலதான். பாரோடேல்னு ஒரு பள்ளத்தாக்கு, அதுல சீத்வெயிட்னு விரல் விட்டு எண்ற மாதிரி நாலு வீடு, இங்கிலாந்துல ஜனங்க குடியிருக்கற இடத்துலயே அதிகமா மழை பெய்யறது அங்கதான்னு சொல்றாங்க, வருஷத்துக்கு 3,500 மி.மீ. பக்கம். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி ஹானிஸ்டர்னு ஒரு கணவாய், 2015 டிசம்பர் 5ஆம் தேதி 24 மணி நேரத்துல 341.4 மி.மீ. கொட்டுச்சு. மேற்குத் தொடர்ச்சி மலை புழிஞ்சுட்டு அனுப்பற காத்துல நமக்கு வர்றது வருஷத்துக்கே 850 சொச்சம், அதுவும் நல்ல வருஷத்துல. தேதியை மாத்தறதுன்னா ஏப்ரல், மே கொஞ்சம் காஞ்சிருக்கும், ஆனா அது உங்களுக்கு மாங்கா நேரம், எப்படி விட்டுட்டு போவீங்க? ஆகஸ்ட்லயே போங்க.

நான் போனது 2019 ஆகஸ்ட்ல. தர்மபுரி அரசு கலைக்கல்லூரில கூடப் படிச்சவன், மான்செஸ்டர்ல இருக்கான், நேர்ல பாத்து பத்தொம்பது வருஷம் ஆயிருந்துச்சு. ஏர்போர்ட்ல கையாட்டிட்டு சிரிச்சுக்கிட்டே வந்தான், எனக்கு ஒரு நிமிஷம் ஆள் அடையாளம் தெரியல. பல்லு. வெள்ளை வெளேர்னு, வரிசையா. எங்க ரெண்டு பேருக்கும் சின்ன வயசுல இருந்து காவிக் கறை படிஞ்ச பல்லு, போர் தண்ணில இருக்கற ஃப்ளோரைடு பண்ண வேலை, சேலத்துப் பசங்க எங்களைப் பாத்தாலே தர்மபுரியான்னு கேப்பானுங்க. "டேய், பல்லு எங்கடா?"ன்னுதான் மொதல் வார்த்தையே கேட்டேன். பல்லு மேல கேப் போட்டுட்டேன்டான்னு வாயைப் பொத்திக்கிட்டான்.

நாங்க தங்கின காட்டேஜ் கெஸ்விக்னு ஒரு ஊர் பக்கம். கருங்கல் சுவரு, பலகைக்கல் கூரை, வாசல்ல குனிஞ்சு போகணும், மறந்தா நெத்தில புடைக்கும் (எனக்கு ரெண்டு தடவை). போன அன்னிக்கு ஆரம்பிச்ச மழை விடவே இல்ல. அங்க மழை நம்மூரு மாதிரி இடிச்சு கொட்டிட்டு போயிடறது கிடையாது, சல்லடைல மாவு சலிக்கற மாதிரி நாள் பூரா இறங்கிட்டே இருக்கும், குடை வேலைக்கே ஆகாது, காத்து ஒரே நிமிஷத்துல மடக்கிடும். இதுல என் நண்பனுக்குத்தான் பெரிய கஷ்டம். காலைல எந்திரிச்சு கர்ட்டனை விலக்குவான், "சாரிடா". டீ போடும்போது "சாரிடா". கல்யாண வீட்ல சாம்பார் கெட்டுப்போனா பொண்ணு வீட்டுக்காரர் பந்தில நின்னு கையைப் பிசைவாரே, அந்த மாதிரி. மழைல நனையாம எதையாவது காட்டியே தீரணும்னு கார்ல ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி, மூணாவது நாள் பென்சில் மியூசியத்துக்கு கூட்டிட்டு போய்ட்டான். தப்பா சொல்லல, 16ஆம் நூற்றாண்டுல அந்த பாரோடேல் பள்ளத்தாக்குலதான் நல்ல கிராஃபைட் கிடைச்சிருக்கு, பென்சில் தொழிலே அதுலதான் அங்க வந்துச்சு, எட்டு மீட்டருக்கு கிட்ட நீளமா ஒரு கலர் பென்சில் தொங்க விட்டிருக்காங்க. பாக்கலாம், அரை மணி நேரம் பாக்கலாம். இதுக்கா விசா வாங்கி வந்தேன்?

வெளிய வந்து கார் பார்க்கிங்ல மறுபடியும் சாரின்னான். எனக்கு பொறுக்கல. "எங்கூர்ல மழை வரணும்னு கழுதைக்கு கல்யாணம் பண்ணி வெக்கறோம், கொடும்பாவி கட்டி இழுத்து ஒப்பாரி வெக்கறோம், உங்கம்மா இழுத்ததை நீ பாத்ததில்லயா? நீ என்னடான்னா மழைக்கு மன்னிப்பு கேக்கற, என்னை உக்காந்து பாக்க விடுடா"ன்னு கத்திட்டேன். பக்கத்து கார்ல ஒரு வயசான அம்மா கண்ணாடியை ஏத்திக்கிச்சு. அவனுக்கு கோவம், எனக்கும் கோவம், வீடு வர்ற வரைக்கும் வைப்பர் சத்தம் மட்டும்தான்.

அன்னிக்கு சாயங்காலம் எங்க வீட்டம்மா, கொண்டு வந்திருந்த ராகி மாவை எடுத்து வெச்சு, களி கிண்டுங்கன்னு சொல்லிட்டு, அவங்களும் நண்பன் சம்சாரமும் மேல போய்ட்டாங்க. வேணும்னே பண்ணாங்கன்னுதான் நினைக்கறேன். களி கிண்டற துடுப்பு கிடையாது, ஒரு மரக்கரண்டிதான். கீழ உக்காந்து காலால பானையை அண்டக் கொடுக்க நம்ம வீடா அது, கரண்ட் அடுப்பு, வழுவழுன்னு கண்ணாடி. நான் துணி சுத்தி பானையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன், அவன் கிண்டினான். பாதி கிண்டறப்போ, அவங்கப்பா செத்தப்போ ஏன் வரலன்னு சொல்ல ஆரம்பிச்சான். நான் கேக்கவே இல்ல. ஊர்ல எல்லாரும் ஒரு காரணம் பேசிக்கிட்டோம், அது இல்ல. என்ன காரணம்னு இங்க எழுத மாட்டேன். அவன் முகத்தை நான் பாக்கல, அவனும் என்னைப் பாக்கல, ரெண்டு பேரு கண்ணும் களி மேலதான், கட்டி தட்டிடக்கூடாதுல்ல. அப்புறம் துவையலுக்கு மிளகா வறுத்தேன், ஸ்மோக் அலாரம் ஊரையே கூட்டிடுச்சு, ஸ்டூல் மேல ஏறி துண்டை விசிறிக்கிட்டே ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சோம், மிளகா நெடியும் சேந்துதான்.

போன்ல பத்து நிமிஷத்துக்கு மேல பேச்சு வரலன்னு எழுதிருக்கீங்களே, யாருக்குய்யா வருது? அங்க போய் விருந்தாளியா சோபால எதிரும் புதிருமா உக்காந்தீங்கன்னா அஞ்சு நிமிஷம் கூட வராது. மொத நாளே சமையக்கட்டுல பூந்துடுங்க, பூண்டு உரிங்க, பாத்திரம் கழுவுங்க. காசு வீணான்னு கணக்கு போடறதை ஏர்போர்ட்லயே விட்டுடுங்க.

மத்த நாள் எல்லாம் மழைலயே நடந்தோம். அடுத்தவன் தோட்டத்துக்குள்ள பூந்து நடக்கலாம், ஒத்தையடிப்பாதைக்கு அங்க சட்டமே இருக்கு, கேட்டை மட்டும் திறந்தா மூடிட்டு போகணும். ஹெர்ட்விக்னு ஒரு ஆடு, குட்டில கருப்பா பிறந்து வயசாக வயசாக சாம்பலாயிடும், என் தலை மாதிரி. மேல மலைல வேலியே இல்ல, ஆனா எங்க மேயணும்னு தாய் ஆட்டுக்கிட்ட குட்டி கத்துக்குது, எல்லையைத் தாண்டாது. 2001ல கோமாரி வந்து அந்தப் பக்கம் மந்தை மந்தையா அழிச்சப்போ ஆட்டுக்காரங்க பயந்ததே இதுக்குத்தான், புது ஆடு வாங்கிடலாம், அதுங்களுக்கு மலையை யாரு சொல்லித் தர்றது? பென்னாகரம் காட்டுல பட்டி போடற ஆலம்பாடி மாட்டுக்காரங்ககிட்ட இதைச் சொன்னா அரை நாள் பேசுவாங்க.

கிளம்பற அன்னிக்கு ரோட்டோரமா தேர்ல்மியர்னு ஒரு ஏரி. அணை கட்டி பண்ணை வீடுங்களை முழுகடிச்சு, 1894ல அங்கிருந்து மான்செஸ்டருக்கு தண்ணி கொண்டு போயிருக்காங்க, 96 மைல், ஒரு பம்ப் கிடையாது, சரிவுலயே ஓடுது. எங்க வீட்டு குழாய்ல வர்றதுல இதுவும் இருக்குடா, இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் இறங்கிப் பாக்கறேன்னான். நமக்கு ஒகேனக்கல் தண்ணி மேடு ஏறி ஊருக்குள்ள வந்தது 2013ல, அதுவும் ஜப்பான்காரன் குடுத்த கடன்ல, ஆறு என்னவோ பக்கத்துலயேதான் ஓடிட்டிருந்துச்சுன்னு நான் சொன்னேன். அவன் ஒண்ணும் சொல்லல. மழைல நின்னுட்டு நாக்கால அந்தப் புதுப் பல்லை ஒரு தடவை தடவிப் பாத்துக்கிட்டான். அன்னிக்கு சாரி சொல்லவே இல்ல.

எடுத்துட்டு போக வேண்டியது: தொப்பி வெச்ச நல்ல ரெயின்கோட், தண்ணி இறங்காத ஷூ, காட்டன் பேன்ட் வேணாம், நனைஞ்சா காயவே காயாது. பால்கோவா, நெய் எல்லாம் கட்டாதீங்க, பால் சாமானை அங்க உள்ள விட மாட்டாங்க. ராகி மாவு ரெண்டு கிலோ. துடுப்பு ஒண்ணு, பெரிய பெட்டில போடுங்க, கைப்பைல வெச்சா செக்கிங்ல இது என்ன ஆயுதம்னு கேப்பான்.